சித்திரங்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவர்

அமெரிக்காவில் மிசௌரி என்று ஒரு மாநிலம். அதில் மார்சலின் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு விவசாயி வீட்டுச் சிறுவனுக்கு எப்போதும் படம் வரைவதிலேயே ஆசை. அக்கம்பக்கத்தில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் வசித்து வந்தார். அவரிடம் ஒரு குதிரை இருந்தது. அதை வரைந்து தரும்படி சிறுவனைக் கேட்டார். அவனும் வரைந்து கொடுத்தான். டாக்டர் மகிழ்ந்துபோய் அதற்குக் காசு கொடுத்தார்.

குழந்தைகளே, அன்று குதிரைப் படம் வரைந்து காசு வாங்கிய அந்தச் சிறுவன் யார் தெரியுமா? நீங்கள் பார்த்து ரசிக்கும் மிக்கி மவுஸை உலகத்துக்குத் தந்த வால்ட் டிஸ்னிதான்!

வால்ட் டிஸ்னி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். 1906-ல் குடும்பம் மார்சலினுக்குக் குடிபெயர்ந்தது. விவசாயம் கைகொடுக்கவில்லை. 1911-ல் கன்சாஸ் சிட்டி என்ற நகருக்குச் சென்றார்கள். அங்கே தந்தை எலியாஸ், வீடு வீடாகச் செய்தித்தாள் போடும் வேலையை எடுத்தார். வால்ட்டும் அண்ணன் ராயும் இருட்டோடு எழுந்து பேப்பர் போட வேண்டும். பனி கொட்டினாலும் விடுமுறை கிடையாது. அதை முடித்துவிட்டுப் பள்ளிக்குப் போனால் வகுப்பில் தூக்கம் கண்ணைச் சுழற்றும்! ஆனால், சனிக்கிழமை ஓவிய வகுப்பு என்றால் மட்டும் உற்சாகமாகக் கிளம்பிவிடுவார்.

1917-ல் குடும்பம் மீண்டும் சிகாகோவுக்குப் போனது. பகலில் உயர்நிலைப் பள்ளி, இரவில் ஓவியப் பள்ளி என்று படித்தார். முதல் உலகப் போரின்போது, 1918-ல், பள்ளியை விட்டுவிட்டு செஞ்சிலுவைச் சங்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுநராகச் சேர்ந்தார். அவர் பிரான்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் போர் முடிந்துவிட்டது. அத்துடன் அவருடைய பள்ளிப் படிப்பும் நின்றுபோனது. ஆனால், கற்பது நிற்கவில்லை.

1919-ல் கன்சாஸ் சிட்டிக்குத் திரும்பிய வால்ட், ஒரு விளம்பர ஓவியக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே உப் ஐவர்க்ஸ் என்ற இளைஞர் நண்பரானார். இருவருக்கும் ஒரே வயது. பிறகு இருவரும் திரையரங்குகளுக்கு விளம்பரப் படம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார்கள். அங்கே காகிதத்தில் வெட்டிய பொம்மைகளின் கை, கால்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படம் பிடிப்பார்கள். திரையில் ஓட்டினால் பொம்மை அசையும். ஆனால், அந்த அசைவில் உயிர் இல்லை என்று வால்ட்டுக்குத் தோன்றியது.

வழி தேடி அவர் போன இடம், ஊர்ப் பொது நூலகம். அங்கே இரண்டு பொக்கிஷங்கள் கிடைத்தன. ஒன்று, கார்ட்டூன் படங்களை எப்படித் தயாரிப்பது என்று எட்வின் லட்ஸ் என்பவர் எழுதி, 1920-ல் வெளியான புத்தகம். மற்றொன்று, எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த புகைப்படங்கள்.

யார் இந்த மைபிரிட்ஜ்? ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு மேலே எழும்புமா? இது அக்காலத்தில் பெரிய கேள்வி. கண்ணால் பார்த்து விடை சொல்ல முடியவில்லை. 1878-ல் மைபிரிட்ஜ் வரிசையாக 12 கேமராக்களை நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். கால்கள் வயிற்றுக்குக் கீழே ஒன்றுகூடும் நொடியில் நான்குமே அந்தரத்தில் இருந்தன! கால்களை முன்னும் பின்னும் நீட்டியபடி குதிரை பறப்பதுபோல் அதுவரை ஓவியர்கள் வரைந்து வந்தது தவறு என்று தெரிந்தது. பிறகு அவர் மனிதர்கள் நடப்பதையும், படியேறுவதையும், பாரம் தூக்குவதையும் இதேபோல் படம் பிடித்தார்.

அந்தப் படங்களுக்கு வால்ட் நகல் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு கேமராவை இரவல் வாங்கி, இரவில் கண்விழித்துச் சோதனைகள் செய்தார். 1922-ல் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது திவாலானது. பாதி முடிந்த ஒரு படச்சுருளையும் 40 டாலர் பணத்தையும் எடுத்துக்கொண்டு, 21 வயதில் ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார். அங்கே அண்ணன் ராயுடன் சேர்ந்து 1923-ல் தொடங்கியதுதான் டிஸ்னி நிறுவனம்.

அங்கும் சோதனை காத்திருந்தது. 'ஆஸ்வால்ட்' என்ற முயல் படங்கள் நன்றாக ஓடின. ஆனால், 1928-ல் அந்த முயலின் உரிமை தமக்கு இல்லை என்று வால்ட் அறிந்தார். அவரிடம் வேலை பார்த்த ஓவியர்கள் பலரையும் விநியோகஸ்தர் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். நண்பர் ஐவர்க்ஸ் விலகவில்லை. போன முயலுக்குப் பதிலாக ஓர் எலி பிறந்தது. அதுதான் மிக்கி மவுஸ்! ஐவர்க்ஸ் வரைந்தார்; வால்ட் குரல் கொடுத்தார். 1928 நவம்பர் 18-ஆம் தேதி நியூயார்க்கில் திரையிட்ட 'ஸ்டீம்போட் வில்லி' படத்தில் மிக்கி ஒலியோடு ஆடிப்பாடியதும் ஊரே வியந்தது.

புகழ் வந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் இது போதும் என்று இருந்திருப்பார். வால்ட்டுக்குத் திருப்தி இல்லை. அன்றைய கார்ட்டூன்களில் கை, கால்கள் ரப்பர் குழாய்போல் இருக்கும். முழங்கையும் தெரியாது, முழங்காலும் தெரியாது. உடம்புக்கு எடையே இல்லாததுபோல் மிதக்கும். பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால், அந்தச் சித்திரத்துக்காக யாரும் அழமாட்டார்கள்.

குறையைப் போக்க ஒரே வழி, ஓவியர்கள் மறுபடியும் மாணவர்களாவதுதான் என்று வால்ட் முடிவு செய்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நெல்பர்ட் ஷுனார்ட் என்ற பெண்மணி ஓர் ஓவியப் பள்ளி நடத்தி வந்தார். அப்போது வால்ட்டிடம் போதிய பணம் இல்லை. கட்டணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ள அந்த அம்மையார் சம்மதித்தார். மாலையில் வால்ட்டே தம் காரில் ஓவியர்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடுவார்.

ஆர்ட் பபிட் என்ற ஓவியரும் 1932-ல் நண்பர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து, எதிரில் ஆளை நிறுத்திப் படம் வரையும் பயிற்சியைத் தொடங்கினார். இதைக் கேள்விப்பட்ட வால்ட், வகுப்பை ஸ்டூடியோவிலேயே நடத்தச் சொன்னார். ஷுனார்ட் பள்ளி ஆசிரியர் டான் கிரஹாம் அங்கே வந்து பாடம் நடத்தினார். மிருகக்காட்சி சாலைக்குப் போய் விலங்குகளைப் பார்த்து வரைந்தார்கள். படச்சுருளை மெதுவாக ஓட்டி, உடல் எப்படி அசைகிறது என்று ஒவ்வொரு கட்டமாக ஆராய்ந்தார்கள்.

அவர்கள் என்ன கற்றார்கள்? நீங்களே பார்க்கலாம். நீர் நிறைந்த வாளியை வலது கையில் தூக்குங்கள். உடம்பு தானாக இடது பக்கம் சாயும். இடது கை விலகி நீளும். வாளி காலியாக இருந்தால் அப்படிச் சாயாது. ஆகவே, வாளியின் எடையைக் காட்ட வேண்டுமானால் வாளியை வரைந்தால் மட்டும் போதாது; தூக்குபவரின் உடம்பை வரைய வேண்டும். அதேபோல், குதிப்பதற்கு முன் உடம்பு குனியும். குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்கும். ஓடி வந்தவர் நின்ற பிறகும் அவர் சட்டையும் தலைமுடியும் ஒரு கணம் ஆடிவிட்டுத்தான் நிற்கும்.

மாணவர்களுக்கு மாவு மூட்டையை வரையும் பயிற்சியும் இருந்தது. பாதி நிரம்பிய மூட்டையை அழுத்தினால் அகலமாகும். இழுத்தால் ஒல்லியாகும். ஆனால், உள்ளே இருக்கும் மாவின் அளவு மாறாது! உடம்பும் அப்படித்தான். கண், காது, மூக்கு எதுவுமில்லாத மூட்டையைச் சோகமாகவும் உற்சாகமாகவும் காட்டத் தெரிந்தவர், எதற்கும் உயிர் தருவார்.

இதில் உழைப்பு எவ்வளவு தெரியுமா? திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். 7 நிமிடக் கார்ட்டூனுக்கு 10,080 படங்கள். ஓர் ஓவியத்தை இரண்டு முறை படம் பிடித்தாலும் 5,040 ஓவியங்கள் வேண்டும். வண்ணம் தீட்டுவதற்கு முன் பென்சில் ஓவியங்களை மட்டும் படம் பிடித்து, ஒரு சிறிய அறையில் வால்ட்டுக்குப் போட்டுக் காட்டுவார்கள். புழுக்கம் ஒரு பக்கம். அவர் என்ன குறை சொல்வாரோ என்ற பயம் ஒரு பக்கம். அதனால் அந்த அறைக்கு 'வியர்வைப் பெட்டி' என்றே பெயர்!

கல்வி பலன் தரத் தொடங்கியது. 1933-ல் வெளிவந்த 'மூன்று சிறிய பன்றிகள்' படத்தில் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே தோற்றம். ஆனாலும் எது பொறுப்பானது, எது விளையாட்டுப் பிள்ளை என்று அசைவைக் கொண்டே சொல்லிவிடலாம்.

ஆனால், அடுத்த ஆண்டே ஒரு சறுக்கல். 'வசந்த தேவதை' என்ற கதைப் படத்தில் உண்மையான பெண்போல் ஓர் உருவத்தை நடமாட விட்டார்கள். அவளுடைய கைகள் மறுபடியும் ரப்பராக வளைந்தன! அந்த நேரத்தில்தான் வால்ட், 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' கதையை முழுநீளப் படமாக எடுக்கத் துணிந்திருந்தார். கதாநாயகியே ஓர் இளம்பெண். கார்ட்டூனை யார் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று திரையுலகமே கேலி செய்தது.

வால்ட் படத்தைக் கைவிடவில்லை, பாடத்தைக் கூட்டினார். 1935 டிசம்பரில் டான் கிரஹாமுக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஓவியர்கள் எதையெல்லாம் கற்க வேண்டும் என்று அதில் விளக்கினார். உடம்பை இயக்குவது மனம். ஆகவே, பாத்திரம் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் அதை அசைக்க வேண்டும் என்பது அதன் சாரம். மார்ஜரி பெல்ச்சர் என்ற நடனப் பெண்ணை ஸ்னோ ஒயிட்போல் நடக்கவும் ஆடவும் வைத்துப் படம் பிடித்து, அதை ஓவியர்கள் ஆராய்ந்தார்கள்.

செலவு சுமார் 15 லட்சம் டாலரைத் தொட்டது. வால்ட் தம் வீட்டையே அடமானம் வைத்தார். முடியாத படத்தை வங்கி அதிகாரிக்குப் போட்டுக் காட்டிக் கடன் வாங்கினார். 1937 டிசம்பர் 21-ஆம் தேதி படம் திரையிடப்பட்டது. ஸ்னோ ஒயிட் இறந்துவிட்டாள் என்று குள்ளர்கள் கண்ணீர் விடும் காட்சியில், அரங்கில் இருந்தவர்களும் அழுதார்கள். வெறும் பென்சில் கோடுகளுக்காக மனிதர்கள் அழுதார்கள்! படம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்த வெற்றிக்குப் பின் ஒரு கசப்பும் வந்தது. ஸ்டூடியோவில் சம்பளம் எல்லோருக்கும் நியாயமாக இல்லை. படத்தில் பலருடைய பெயரும் இடம்பெறவில்லை. ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள். அதில் முன்னின்ற ஆர்ட் பபிட்டை வால்ட் 1941-ல் வேலையை விட்டு நீக்கினார். ஆம், தம் வீட்டில் ஓவிய வகுப்பைத் தொடங்கிய அதே பபிட்தான்! உடனே பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. வழக்காடி பபிட் பிறகு வேலைக்குத் திரும்பினார். ஆனால், பழைய நட்பு திரும்பவில்லை. உடம்பின் அசைவுகளை அவ்வளவு நுட்பமாகக் கவனித்த வால்ட், உடன் உழைத்தவர்களின் மனக்குறையைக் கவனிக்கத் தவறினார். பெரியவர்களும் சறுக்கும் இடம் உண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது.

1942-ல் வந்த 'பாம்பி' படத்துக்காக நிஜமான இரண்டு மான்குட்டிகளை ஸ்டூடியோவில் வளர்த்து, ஓவியர்கள் பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். 1955-ல் டிஸ்னிலாந்து பூங்கா திறக்கப்பட்டது. வால்ட் வாங்கிய ஆஸ்கர் விருதுகள் மொத்தம் 26! இளமை முதல் விடாத புகைப்பழக்கம் அவரைப் பாதித்தது. நுரையீரல் புற்றுநோயால் 1966 டிசம்பர் 15-ஆம் தேதி, 65 வயதில் காலமானார்.

ஒரு நன்றிக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். கட்டணத்துக்குத் தவணை தந்த ஷுனார்ட் பள்ளி பிற்காலத்தில் பணக் கஷ்டத்தில் தவித்தது. வால்ட் மறக்கவில்லை, கைகொடுத்தார். 1961-ல் அந்தப் பள்ளியையும் ஓர் இசைப் பள்ளியையும் இணைத்துக் கலிஃபோர்னியா கலைக் கல்லூரி உருவாக வழிசெய்தார். அவர் மறைந்த பிறகும் அங்கே அனிமேஷன் கற்றுத் தரப்படுகிறது. 'தி இன்கிரெடிபிள்ஸ்' படத்தை இயக்கிய பிராட் பேர்டு அங்கே படித்தவர்தான்.

குழந்தைகளே, நீங்களும் தொடங்கலாம். ஒரு பழைய நோட்டின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, மேலிருந்து விழும் பந்தை வரையுங்கள். மேலே இருக்கும்போது இடைவெளி குறைவாகவும், தரையை நெருங்க நெருங்க இடைவெளி அதிகமாகவும் இருக்கட்டும். தரையைத் தொடும்போது பந்து சற்றுத் தட்டையாகட்டும். இனி பக்கங்களை வேகமாகப் புரட்டுங்கள். பந்து விழுகிறதா? சரியாக விழவில்லையென்றால் கவலை வேண்டாம். நிஜப் பந்தைப் போட்டுப் பாருங்கள், மறுபடியும் வரையுங்கள். வால்ட் டிஸ்னியும் அப்படித்தான் கற்றார்!