செவிலியர் ரிவர்ஸை நம்பி வந்தவர்கள்

மருத்துவ ஆய்வுகளில் எல்லாச் சமூகத்தவரும் இடம்பெற வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டமாகவே ஆகிவிட்டது. தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் மனிதர்களிடம் நடத்தப்படும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் சேர்ப்பதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. கோரிக்கை நியாயமானது. ஒரு மருந்து யாரிடம் சோதிக்கப்படவில்லையோ, அவர்கள் அதன் விளைவை உட்கொண்ட பிறகே அறிய நேர்கிறது. ஆயினும் கறுப்பின மக்களை ஆய்வுக்கு அழைக்கச் செல்வோர் இன்றும் சந்திக்கும் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் நடுவில் நிற்பவர் ஒரு கறுப்பினச் செவிலியர்.

யூனிஸ் ரிவர்ஸ் 1899இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தார். தாயை இளவயதிலேயே இழந்த அவர், தந்தையின் விடாப்பிடியால் படித்தார். 1922இல் டஸ்கீகி கல்வி நிறுவனத்தில் செவிலியர் பட்டயம் பெற்று, அலபாமாவின் கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியில் சேர்ந்தார். மருத்துவரையே கண்டிராத குத்தகை விவசாயிகளின் குடிசைகளுக்குச் சென்று, பிரசவத்தையும் குழந்தை வளர்ப்பையும் கற்றுத்தந்தவர் அவர். மக்கள் அவரை நம்பியது இந்த உழைப்பினால்தான். அந்த நம்பிக்கை போலியானதன்று.

1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, மேக்கன் மாவட்டத்தின் கறுப்பின ஆண்களிடம் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிகிச்சை பெறாத சிஃபிலிஸ் உடலை எப்படி அழிக்கிறது என்று பார்ப்பதே நோக்கம். நோயுற்றவர் 399 பேர். ஒப்பீட்டுக்காக நோயற்றவர் 201 பேர். ஆட்களைத் திரட்டவும் தக்கவைக்கவும் அவர்களுள் ஒருவராகத் தோன்றும் ஒருவர் தேவைப்பட்டார். டஸ்கீகி மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த ரிவர்ஸ் அந்த வேலையை ஏற்றார்.

ரத்தம் கெட்டிருக்கிறது என்பதே அந்த மனிதர்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம். நோயின் பெயர் சொல்லப்படவில்லை. முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்த சோதனை, இலவசச் சிறப்புச் சிகிச்சை என்று அறிவிக்கப்பட்டது. ரிவர்ஸ் அவர்களைக் காரில் அழைத்து வந்தார். சத்து மருந்தும் ஆஸ்பிரினும் கொடுத்தார். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுகளை விசாரித்தார். சவப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் அடக்கச் செலவுக்குப் பணம் உண்டு என்பது ஏற்பாடு. கௌரவமான அடக்கம் வறியவர்க்கு எவ்வளவு பெரிது என்பதை, இடுகாட்டுப் பாதைக்காக வழக்காடும் நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. இறந்தவர் வீட்டாரிடம் உடலை அறுக்க அனுமதி கேட்டுப் போனவரும் ரிவர்ஸே. மறுத்தவர் மிகச் சிலர்.

1947 வாக்கில் பெனிசிலின் சிஃபிலிஸின் வழக்கமான மருந்தாகிவிட்டது. அந்த மனிதர்களுக்கு மட்டும் அது தரப்படவில்லை. உள்ளூர் மருத்துவர்களிடம் பெயர்ப் பட்டியலைத் தந்து சிகிச்சையைத் தடுத்த துறை அது. 1953இல் ரிவர்ஸை முதல் ஆசிரியராகக் கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இருபது ஆண்டுகளாக மனிதர்களை ஆய்வில் எப்படித் தக்கவைத்தோம் என்பதே அதன் பொருள். கார்ப் பயணம், சூடான உணவு, அடக்கத் தொகை, செவிலியரின் பரிவு ஆகியவற்றை அது விவரிக்கிறது. இன்று சமூகப் பங்கேற்பு என்ற பெயரில் பயிற்றுவிக்கப்படுபவற்றுள் பாதி அதில் இருக்கிறது. உண்மையைச் சொல்லுதல் மட்டும் இல்லை.

இது அலபாமாவோடு முடிந்த கதையும் அன்று. 2009இல் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையொப்பமிட்டதை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கண்டித்தது. அங்கும் நம்பிக்கைக்குரிய ஓர் இடையாள்தான்.

1958இல் மைய அரசு ரிவர்ஸுக்கு விருதளித்தது. 1965இல் அவர் ஓய்வுபெற்றார். 1972 ஜூலையில் செய்தி வெளியாகி ஆய்வு நின்றபோது, ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 74 பேரே உயிருடன் இருந்தனர். அந்த மனிதர்களுக்குத் தாங்கள் செய்தது நன்மையே, மற்ற ஏழைகளுக்குக் கிட்டாத கவனிப்பு அவர்களுக்குக் கிட்டியது என்றே பிற்காலத்தில் அவர் கூறிவந்தார். அதில் ஓரளவு உண்மையும் உண்டு என்பதுதான் கொடுமை. வெள்ளை மருத்துவர்களுக்குக் கீழே, பெண்ணாக, கறுப்பினத்தவராக இருந்த ஒருவரால் மறுத்திருக்க முடியுமா என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் மறுக்கும் அதிகாரம் இல்லாதவரைச் சமூகத்தின் பிரதிநிதி என்று அழைப்பதை ஏற்க இயலவில்லை.

1973இல் வழக்கறிஞர் ஃபிரெட் கிரே பாதிக்கப்பட்டோருக்காக வழக்குத் தொடுத்தார். ரோசா பார்க்ஸுக்காக வாதாடியவர் அவர். அமெரிக்க அரசையும் அலபாமா மாநிலத்தையும் எதிர்வாதிகளாக்கிய அவர், டஸ்கீகி நிறுவனத்தையோ செவிலியர் ரிவர்ஸையோ சேர்க்கவில்லை. ஒரு வழக்கறிஞராக இந்தத் தெரிவைப் பலமுறை யோசித்திருக்கிறேன். கட்டளையிட்டவரை விட்டுவிட்டு இடையாளைக் கூண்டிலேற்ற வழிவிடாத தெரிவு அது. 1974இல் சுமார் ஒரு கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. 1986இல் ரிவர்ஸ் இறந்தார். 1997இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கோரியபோது உயிருடன் எஞ்சியிருந்தவர்கள் 8 பேர்.