கேரி வீட்டுக் கணக்கு

பொருளாதார வரலாற்று வகுப்பில் வில்லியம் கேரியின் பெயரை நான் இரண்டு இடங்களில் குறிப்பிடுவது வழக்கம். வங்காளத்து அவுரித் தொழிலைப் பற்றிப் பேசும்போது ஒருமுறை. 1830-களில் கல்கத்தாவின் ஏஜென்சி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்துப்போன கதையைச் சொல்லும்போது மறுமுறை. செருப்புத் தைத்துப் பிழைத்தவர், நாற்பது ஆண்டுகள் வங்கத்தில் வாழ்ந்து விவிலியத்தைப் பல இந்திய மொழிகளில் அச்சேற்றியவர், ஊருக்குத் திரும்பாமலேயே இறந்தவர் என்று நான்கு வரிகளில் முடித்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிடுவேன். ஓர் ஆண்டு, கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருவர் எழுந்து, அவருக்கு மனைவி மக்கள் இருந்தார்களா, இருந்தால் அவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிறகு சொல்கிறேன் என்றேன். சொல்லாமலேயே அந்த மாணவியர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டனர். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கேள்விக்கு விடை தேடும் அவகாசம் கிடைத்தது.

கேரி 1761-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தில் பாலர்ஸ்பரி என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை நெசவாளி, பின்னாளில் ஊர்ப் பள்ளியின் ஆசிரியர். மகன் செருப்புத் தைக்கும் தொழில் கற்றுக்கொள்ள அனுப்பப்பட்டார். 1781-இல், இருபது வயது நிறைவதற்கு முன்பே, டாரதி பிளாக்கெட் என்ற பெண்ணை மணந்தார். டாரதி அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர். திருமணப் பதிவேட்டில் டாரதி கையெழுத்திடவில்லை. ஒரு சிலுவைக் குறி மட்டும் இட்டார். எழுதத் தெரியாது என்பதன் அடையாளம் அது. பின்னாளில் வங்கமும் சமஸ்கிருதமும் மராத்தியும் கற்பிக்கப்போகும் ஒருவரின் இல்வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

முதல் குழந்தை ஆன் இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்தது. அதே காய்ச்சலில் கேரிக்குத் தலைமுடி கொட்டிப்போய், இருபத்து சொச்சம் வயதிலேயே வழுக்கையானார். பின்னர் இன்னொரு பெண் குழந்தையும் இறந்தது. மோல்ட்டன் என்ற ஊரில் அவர் சிறிய பாப்டிஸ்ட் சபை ஒன்றின் போதகர், பள்ளி ஆசிரியர், செருப்புத் தைப்பவர் என மூன்று வேலை பார்த்தும் வீட்டில் வறுமை நீங்கவில்லை. தம் பணியிடத்துச் சுவரில் கையால் வரைந்த உலக வரைபடம் ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை மக்கள், என்ன சமயம் என்று அதில் குறித்து வைத்திருந்தார். 1792-இல் அவர் வெளியிட்ட சிறுநூலிலும் அந்தப் புள்ளிவிவரப் பட்டியல்கள் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்ற ஏற்பாடே இங்கிலாந்தில் இல்லாத காலம் அது. என் துறைக்காரன் என்ற முறையில் அந்தப் பட்டியல்களை நான் வியப்போடுதான் பார்க்கிறேன்.

அதே ஆண்டு அக்டோபரில் கெட்டரிங் நகரில் ஒரு வீட்டின் பின்னறையில் கூடிய சிலர் பாப்டிஸ்ட் மிஷன் சங்கத்தைத் தொடங்கினர். அன்று சேர்ந்த நன்கொடை உறுதிமொழி 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அடுத்த சில மாதங்களில், வங்காளத்தில் மருத்துவராக இருந்து திரும்பியிருந்த ஜான் தாமஸுடன் தாமும் செல்வதாகக் கேரி ஒப்புக்கொண்டார். டாரதியின் சம்மதம் அதற்கு முன் கேட்கப்படவில்லை. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பிறந்த வட்டாரத்தை விட்டு அதிகம் நகர்ந்திராத பெண். வர மாட்டேன் என்றார்.

கேரி, மூத்த மகன் ஃபெலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். அந்தப் பயணம் நிறைவேறியிருந்தால் வரலாறு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமம் இல்லாததால் அவர்கள் இங்கிலாந்தின் கரையிலேயே இறக்கிவிடப்பட்டனர். வேறு கப்பல் கிடைப்பதற்குள் கேரியும் தாமஸும் டாரதியிடம் திரும்பிச் சென்றனர். ஜாபெஸ் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தாமஸ் விடாமல் வற்புறுத்தினார். கடைசியில், தங்கை கேத்தரின் உடன் வருவதென்றால் வருகிறேன் என்றார் டாரதி. ஒரே நாளுக்குள் வீட்டுச் சாமான்களை விற்றும் கட்டியும் புறப்பட்டார்கள். 1793 ஜூன் 13 அன்று டேனிஷ் கப்பலொன்று அவர்களை ஏற்றிக்கொண்டு டோவரிலிருந்து கிளம்பியது. மறுத்த ஒருவர் களைத்துப்போய்க் கொடுக்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று எழுதலாமா என்பது அந்த இடத்தில் எனக்கு எழுந்த ஐயம்.

ஐந்து மாதக் கடல் பயணம் முடிந்து நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். சங்கம் கொடுத்தனுப்பிய பணம் தாமஸின் பொறுப்பில் இருந்தது. அவருக்குப் பழைய கடன்காரர்கள் அங்கே காத்திருந்தனர்; சிக்கனமும் அவருக்குப் பழக்கமில்லை. சில வாரங்களில் பணம் தீர்ந்தது. டாரதியும் ஃபெலிக்ஸும் சீதபேதியில் படுத்தனர். வசதியாக இருக்கும் தாமஸைக் காட்டி டாரதியும் கேத்தரினும் கேரியைக் கடிந்துகொண்டார்கள். இந்த இடத்தில் கேரியின் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலர் அந்தப் பெண்களைச் சலிப்போடு எழுதுகிறார்கள். அந்நிய ஊர், அறியாத மொழி, நோய், நான்கு குழந்தைகள், கையில் காசில்லை. கடிந்துகொள்ளாமல் வேறென்ன செய்ய?

பின்னர் சுந்தரவனத்தின் ஓரத்தில் தேபட்டா என்ற இடத்தில் காட்டைத் திருத்திக் குடியேற முயன்றார்கள். அங்கிருந்த கம்பெனி ஊழியர் ஒருவர் அவர்களுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தார். அவரையே கேத்தரின் மணந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். டாரதி எந்த ஒரு துணையை நிபந்தனையாகக் கேட்டு வந்தாரோ, அந்தத் துணையும் ஓராண்டுக்குள் இல்லாமல் போயிற்று.

1794 ஜூனில் வடக்கே முத்னாபட்டியில் ஓர் அவுரித் தொழிற்சாலையின் மேலாளர் வேலை கேரிக்குக் கிடைத்தது. மாதம் 200 ரூபாய். வறுமை தீர்ந்தது என்று நினைத்த நேரத்தில், அக்டோபரில், ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அவனுக்குக் குழி தோண்டவும் பெட்டியைச் சுமக்கவும் ஊரில் ஆள் எளிதில் கிடைக்கவில்லை. அந்நியரின் பிணத்தைத் தொட்டால் சாதி போய்விடும் என்று பலர் ஒதுங்கினர். கேரியே காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார்.

அதற்குப் பிறகு டாரதியின் மனம் பிறழ்ந்தது. கணவர் தமக்குத் துரோகம் செய்கிறார் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. வீதியில் பின்தொடர்ந்து சென்று பலர் முன்னிலையில் குற்றம் சாட்டினார். அவரைத் தாக்கவும் முயன்றார். நண்பர்கள் விசாரித்து, அதில் உண்மையில்லை என்று கண்டனர். இந்த நிலையிலேயே 1796-இல் கடைசி மகன் ஜோனத்தன் பிறந்தான். மனநோய் விடுதியில் சேர்த்துவிடுமாறு பலர் சொன்னார்கள். கேரி மறுத்தார், வீட்டிலேயே பூட்டிய அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. அந்தக் காலத்து விடுதிகளைப் பற்றி ஓரளவு படித்தவன் என்ற முறையில், அந்த மறுப்பில் அன்பும் கடமையுணர்வும் இருந்தன என்றே கருதுகிறேன். மற்றபடி அவர் வேலை நின்றதா என்றால், இல்லை. பக்கத்து அறையில் மனைவி கூச்சலிட, இந்த அறையில் பண்டிதர்களோடு அமர்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

1800 ஜனவரியில் குடும்பம் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருந்த செராம்பூருக்கு மாறியது. அது டேனிஷ்காரர்களின் ஊர்; கம்பெனியின் தடை அங்கே செல்லாது. புதிதாக வந்திருந்த ஜோஷுவா மார்ஷ்மன், அவர் மனைவி ஹன்னா, அச்சுத் தொழிலாளி வில்லியம் வார்ட் ஆகியோருடன் சேர்ந்து கேரி அமைத்த வாழ்க்கை, பொருளாதாரம் படித்தவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று. எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே மேசை, ஒரே பணப்பெட்டி. யார் எவ்வளவு ஈட்டினாலும் பொதுவில் சேர்த்துவிட வேண்டும். தனி வாணிகம் கூடாது. 1801-இல் கேரி கோட்டை வில்லியம் கல்லூரியில் மாதம் 500 ரூபாய்க்கு வங்க மொழி ஆசிரியரானார். 1807-இல் பேராசிரியராகி 1,000 ரூபாய் பெற்றார். அந்தப் பெருந்தொகை அப்படியே பொதுப் பெட்டிக்குச் சென்றது. கல்லூரிக்கு மரியாதையாக உடுத்திச் செல்ல மட்டும் சிறிது கூடுதலாக அவருக்கு ஒதுக்கினார்கள். மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய விடுதிப் பள்ளிகளின் வருமானமும் அதே பெட்டிக்குத்தான்.

ஆனால் அந்தக் கணக்கேட்டில் ஏறாத ஓர் உழைப்பு உண்டு. கேரியின் பிள்ளைகள் தாயின் நோயாலும் தந்தையின் வேலையாலும் கவனிப்பாரற்று வளர்ந்திருந்தனர். அவர்களைத் திருத்தி, உணவூட்டி, அதட்டி வளர்த்தவர் ஹன்னா. ஏற்கெனவே தம் பிள்ளைகள், பள்ளிப் பிள்ளைகள், நோயாளிகள், விருந்தினர் என அவருக்குச் சுமை ஏராளம். மூத்த பையன்கள் இருவரையும் வார்ட் தம் அச்சகத்துக்கு அழைத்துச் சென்று நண்பனைப் போலப் பழகி வசப்படுத்தினார். கேரி பிள்ளைகளைக் கண்டிக்கத் தெரியாத மென்மையான தந்தை என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மென்மை என்பது சில சமயம் நேரமின்மையின் மறுபெயர்.

1800 டிசம்பர் 28 அன்று, ஏழாண்டுக் காத்திருப்புக்குப் பின், கிருஷ்ண பால் என்ற தச்சருக்கும் ஃபெலிக்ஸுக்கும் கேரி ஹூக்ளியில் திருமுழுக்குக் கொடுத்தார். மகிழ்ச்சியின் உச்சம் என்று சொல்லத்தக்க அந்த நாளில், உணர்ச்சி மிகுதியால் சித்தம் கலங்கிய ஜான் தாமஸ் ஓர் அறையிலும், டாரதி மற்றோர் அறையிலும் அடைக்கப்பட்டுக் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓலத்தை மூடுமளவுக்கு உரக்கப் பாடல்கள் பாடப்பட்டன. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வங்கமொழிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது.

1807 டிசம்பர் 8 அன்று டாரதி காய்ச்சலில் இறந்தார். அவர் கைப்பட எழுதிய ஒரு வரியைக்கூட நான் படித்ததில்லை. அவரைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் கணவரும் கணவரின் நண்பர்களும் எழுதிய கடிதங்களின் வழியே வந்தவை. அவருடைய பயம், கோபம், நோய் மூன்றும் பிறர் பேனாவில்தான் பதிவாகியுள்ளன.

ஆறு மாதங்களுக்குள் கேரி மறுமணம் செய்துகொண்டார். மணமகள் ஷார்லட் ரூமோர், டென்மார்க் அரசுக்கு உட்பட்ட நாட்டின் உயர்குடிப் பெண். உடல் நலம் குன்றி நடக்கச் சிரமப்பட்டவர். பல மொழி அறிந்தவர். இவ்வளவு விரைவா என்று சகாக்கள் முதலில் எதிர்த்தார்கள். அந்த மணவாழ்க்கை பதின்மூன்று ஆண்டுகள் மகிழ்ச்சியாக நடந்தது. ஷார்லட் அவருடைய மொழிபெயர்ப்புகளைப் படித்து ஒப்புநோக்கினார். 1812 மார்ச்சில் செராம்பூர் அச்சகம் தீக்கிரையாகி, தமிழ் உட்படப் பல மொழி எழுத்துருக்களும் கையெழுத்துப் படிகளும் ஓரிரவில் அழிந்தன. 1821-இல் ஷார்லட்டும் மறைந்தார். பின்னர் கிரேஸ் ஹியூஸ் என்ற விதவையைக் கேரி மணந்தார். அவர் கேரிக்குப் பிறகும் வாழ்ந்தார்.

பிள்ளைகளில் வில்லியமும் ஜாபெஸும் தந்தையின் வழியில் சென்றனர். ஜோனத்தன் கல்கத்தாவில் வழக்கறிஞரானார். ஃபெலிக்ஸின் கதைதான் நெஞ்சைப் பிசைவது. 1807-இல் பர்மா சென்று, அம்மை குத்தும் முறையை அங்கே கொண்டு சென்று அரசரின் நம்பிக்கையைப் பெற்றார். 1814-இல் ஐராவதி ஆற்றில் படகு கவிழ்ந்து மனைவியும் குழந்தைகளும் மூழ்கினர். உடன் கொண்டுசென்ற அச்சு இயந்திரமும் போயிற்று. அதன்பின் பர்மிய அரசரின் தூதராகக் கல்கத்தாவில் வந்திறங்கியவர், அரசரின் ஆதரவை இழந்து வடகிழக்கு எல்லைப்புறங்களில் மூன்றாண்டுகள் அலைந்தார். மகன் தூதரானதைக் கேரி பெருமையாகக் கருதவில்லை. தாழ்வு என்றே வருந்தினார். அலைந்தவரைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தவர் தந்தையல்ல, சிறுவயதில் அச்சுக் கோக்கக் கற்றுக்கொடுத்த வார்ட். திரும்பிய பின் ஃபெலிக்ஸ் உடற்கூற்றியல் நூலொன்றை வங்கமொழியில் ஆக்கினார். 1822-இல் தந்தைக்கு முன்பே இறந்தார்.

இவற்றைக் கேரியின் மீதான குற்றப்பத்திரிகையாக நான் எழுதவில்லை. 1799-இல் ஒரு பெண் உடன்கட்டை ஏறுவதைக் கண்ணால் கண்டு தடுக்க முயன்று தோற்ற மனிதர் அவர். முப்பது ஆண்டுகள் கழித்து அதைத் தடைசெய்யும் ஆணை மொழிபெயர்ப்புக்காக வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு, ஒரு நாள் தாமதமும் உயிர்களைக் கொல்லும் என்று அன்றே முடித்துக் கொடுத்தார். அந்த மனிதரும், டாரதியிடம் கேட்காமல் வாக்குக் கொடுத்தவரும் ஒருவரே. என் ஆய்வுப் பட்டத்துக்காக மொழி தெரியாத வடமாநில நகரமொன்றுக்குக் கைக்குழந்தையோடு என் மனைவியை அழைத்துச் சென்ற இரண்டு ஆண்டுகளை நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அங்கே அவர் பகலெல்லாம் யாரிடம் பேசினார் என்று நான் அன்று கேட்கவில்லை. ஆய்வேட்டின் நன்றியுரையில் அவருக்கு ஒரு வரி கொடுத்திருந்தேன்.

1830 முதல் கல்கத்தாவின் ஏஜென்சி நிறுவனங்கள் சரிந்தபோது, அவற்றில் போட்டிருந்த மிஷன் பணமும் கரைந்தது. அதே காலத்தில் கோட்டை வில்லியம் கல்லூரியின் பேராசிரியர் பதவிகளும் நீக்கப்பட்டன. 1834 ஜூன் 9 அன்று கேரி செராம்பூரில் இறந்தார். லட்சக்கணக்கில் ஈட்டிப் பொதுவில் சேர்த்தவரின் உயிலில் சொத்து என்று எழுத அதிகம் இல்லை. செராம்பூர் மிஷன் சொத்துகளில் தமக்கு எந்த உரிமையும் இல்லை என்று அதில் குறித்திருந்தார். தம் நூல்களில் விரும்பியவற்றை மனைவி எடுத்துக்கொண்ட பின் மீதியை ஏலத்தில் விற்று, ஜாபெஸுக்கு 1,500 ரூபாய் கொடுக்கச் சொன்னார். மற்றவர்களுக்குக் கொடுத்திருந்ததை அவனுக்கு மட்டும் கொடுக்க முடியாமல் போயிருந்தது. டோவரில் கப்பலேறியபோது டாரதியின் கைக்குழந்தையாக இருந்தவன் அவன்தான். தம் உடலை ஷார்லட்டின் அருகில் அடக்கம் செய்யுமாறும் உயிலில் கேட்டிருந்தார். அப்படியே செய்தார்கள்.