தசையும் புற்றும்: டாக்டர் சுப்பாராவின் வாழ்க்கை

அறிவியல் உலகில் பெரும்பணி ஆற்றிப் பெரும்புகழ் பெற்றவர் சிலர். பெயர் மட்டும் நிலைத்து, செய்த பணி இன்னதென்று பலரும் அறியாமற் போனவர் வேறு சிலர். டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் இந்த இரண்டாம் வரிசையைச் சேர்ந்தவர். 1995-ஆம் ஆண்டில், அவருடைய நூற்றாண்டையொட்டி, நம் நாட்டு அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் செய்முறை வகுப்பில் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள். ஆனால் அவர் எங்கிருந்து வந்தார், எதற்காக உழைத்தார் என்று கேட்டால் எங்களில் பலருக்கும் விடை தெரியாது. வரலாறும் பொருளாதாரமும் படிக்கும் நண்பர்களுக்கும் விளங்குமாறு அந்த வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரம் என்னும் ஊரில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. ஆயினும் அவருக்குக் கல்வி தந்த நகரம் சென்னைதான். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறினார். மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பின் மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். வீட்டில் பணவசதி இல்லை. நண்பர்களின் உதவியும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி அளித்த உதவியுமே அவரைப் படிக்க வைத்தன.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்குமாறு நாட்டை அழைத்த காலம். சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை அறைக்குள்ளும் கதராடை அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். மட்டுமே கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணிக்கு முயன்றார், அதுவும் கைகூடவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

இந்தப் பருவத்தில்தான் அவர் வாழ்வின் பெருந்துயர் நிகழ்ந்தது. உடன்பிறந்தார் இருவர் ஒரே நோய்க்கு, சில நாள் இடைவெளியில் பலியாயினர். ஸ்புரூ என்பது அந்நோயின் பெயர். நம் வைத்தியர்கள் கிரகணி என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. குடல் உணவை ஏற்காது, உண்டது உடம்பில் ஒட்டாது, இரத்தம் குன்றும், தசை கரையும். மருத்துவம் படித்தவர் வீட்டில் இருந்தும் அவர்களைக் காக்க முடியவில்லை. காரணம், அந்நாளில் அதற்கு மருந்து எவரிடமும் இல்லை.

1920-களின் தொடக்கத்தில், மாமனார் திரட்டிக் கொடுத்த பணத்தோடும், காக்கிநாடா அறநிலையம் ஒன்றின் ஆதரவை நம்பியும், இளம் மனைவியை ஊரில் விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிப் படித்தார். வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவமனையில் இரவு நேர வேலையாளாக இருந்து நோயாளிகளின் மலசலச் சட்டிகளைக் கழுவினார். பகலில் உயிர்வேதியியல் பகுதியில் சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தார்.

பிஸ்கேயும் சுப்பாராவும் 1925-இல் வெளியிட்ட முறை ஒன்றே எங்கள் செய்முறை வகுப்பில் அவர் பெயரை நிலைநிறுத்தியிருக்கிறது. இரத்தத்திலோ தசையிலோ உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறை அது. பாஸ்பேட்டை அமிலத்தில் மாலிப்டேட்டுடன் கலந்து, குறிப்பிட்ட ஒரு பொருளால் ஒடுக்கினால் நீலநிறம் தோன்றும். பாஸ்பேட் மிகுந்தால் நீலம் மிகும், குறைந்தால் வெளிறும். இந்த முறையில் நானும் எத்தனையோ சோதனைக் குழாய்களை நீலமாக்கியிருக்கிறேன். செய்வது எளிது, ஆகவே அதன் பெருமை சட்டென்று புலப்படாது. ஆனால் அளக்க முடியாத பொருளை ஆராயவும் முடியாது. இருவரும் இந்த நீலத்தைக் கையில் ஏந்திக்கொண்டுதான் தசைக்குள் புகுந்தார்கள்.

தசை எதனால் சுருங்குகிறது? அக்காலத்தில் லாக்டிக் அமிலமே காரணம் என்று கருதினர். தசையைப் பற்றிய ஆய்வுக்காக ஹில், மையர்ஹாப் இருவரும் 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசையும் பெற்றிருந்தனர். பிஸ்கேயும் சுப்பாராவும் தசையில் எளிதில் சிதையும் பாஸ்பரஸ் பொருள் ஒன்று இருப்பதைக் கண்டு, அது பாஸ்போகிரியாட்டின் என்று 1927-இல் அறிவித்தனர். தசை உழைக்கும்போது அது குறைந்தது. ஓய்வு பெற்றதும் மீண்டும் நிறைந்தது. 1929-இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஏ.டி.பி.யையும் தசையிலிருந்து பிரித்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனித்து அதைக் கண்டார். ஏ.டி.பி. தசைக்கு மட்டும் உரியதன்று. எல்லா உயிரணுக்களுக்கும் அதுவே செலவாணி. ஒரு மனிதன் ஒரே நாளில் ஏறக்குறைய தன் உடல் எடைக்கு நிகரான ஏ.டி.பி.யை ஆக்கியும் அழித்தும் வாழ்கிறான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் பயின்று 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், பிற்காலத்தில் ஒரு செய்தி கூறினார். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்களைப் பிஸ்கே வெளிவர விடவில்லை. அவற்றைப் பிறர் பல ஆண்டு கழித்து மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது என்பது அது. இந்தியர் என்பதற்காகவே நோபல் பரிசு மறுத்தார்கள் என்று நம்மவர் சிலர் சொல்வதுண்டு. அந்தக் கூற்றை நான் அப்படியே ஏற்கவில்லை. ஏ.டி.பி.யைக் கண்ட ஜெர்மானியர் லோமனுக்கும் நோபல் பரிசு கிடைக்கவில்லை. பரிசு போனதைவிட, முடித்த வேலை அச்சேறாமல் போனதே பெரிய இழப்பு என்பது என் கருத்து.

1940-இல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்; விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். இரத்தச் சோகையைப் போக்கும் சத்து ஈரலில் உண்டு என்பது அப்போது தெரிந்திருந்தது. அச்சத்து எது என்று தேடியபோது அவர் குழுவினர் ஃபோலிக் அமிலத்தை வந்தடைந்தனர். டாக்டர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1920-களின் இறுதியில் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களின் சோகையை ஈஸ்ட் சாற்றால் தீர்த்தாரே, அதில் இருந்ததும் இதுவே. 1945-இல் லெடர்லியில் இதைச் செயற்கையாகவே ஆக்கினர். அந்த அறிக்கையில் 16 பெயர்கள் உள்ளன. இயக்குநரான சுப்பாராவின் பெயர் அவற்றுள் ஏழாவது.

உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ.யைப் பிரதி எடுக்க வேண்டும். டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றாகிய தைமினை ஆக்க ஃபோலிக் அமிலம் வேண்டும். பாஸ்டனில் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது, நோய் தணிவதற்கு மாறாக விரைந்து பெருகுவதுபோல் தோன்றியது. சோகைக்கு உணவானது புற்றுக்கும் உணவாயிற்று. அப்படியானால் அவ்வுணவைப் போலத் தோன்றி உணவாகாத பொருள் ஒன்றைக் கொடுத்தால் என்ன?

லெடர்லி குழுவினர் அத்தகைய பொருள்களை ஆக்கித் தந்தனர். ஃபோலிக் அமிலத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய ஓரிடத்தில் அமினோத் தொகுதி ஒன்றை வைத்தால் அமினோப்டெரின் ஆகும். உயிரணுவின் நொதி அதை உண்மைப் பொருளென்று பற்றிக்கொள்கிறது. பிறகு விடுபட முடிவதில்லை. தைமின் நிற்கிறது, டி.என்.ஏ. நிற்கிறது, அணுப்பெருக்கமும் நிற்கிறது. 1948 ஜூன் மாதத்தில் பார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. அது நிலையான குணமன்று. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஆயினும் பெற்றோர் நம்பிக்கை இழந்த இடத்தில், முதன்முறையாக மருந்து ஒன்று இரத்தப் புற்றுநோயைப் பின்வாங்கச் செய்தது.

அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட், கருப்பையில் தோன்றும் ஒருவகைப் புற்றை முற்றிலும் குணமாக்கக் கூடியது என்பது 1956-இல் தெரியவந்தது. இன்றும் அது உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. நோய் ஏன் திரும்புகிறது என்ற கேள்விக்கு ஒரு விடையை 1978-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷிம்கே குழுவினர் கண்டனர். மருந்துக்கு அடங்காத சில புற்றணுக்கள், தாக்கப்பட்ட நொதியின் மரபணுவையே பன்மடங்கு படி எடுத்து வைத்துக்கொள்கின்றன. மருந்து பற்றியது போக மிஞ்சிய நொதியைக் கொண்டு பிழைக்கின்றன. சுப்பாராவ் தந்த மருந்தே மரபணு ஆராய்ச்சிக்கு இந்தப் பாடத்தையும் கற்பித்தது.

இவ்வளவையும் பார்க்க அவர் இருக்கவில்லை. பார்பரின் அறிக்கை வெளியான இரண்டு மாதத்தில், 1948 ஆகஸ்டில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 53. கப்பலேறிய பின் தாய்நாட்டை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை. 1946-இல் சட்டம் மாறி, இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறலாம் என்றான பின்னும் அவர் அதைப் பெறவில்லை. நம் ஊர்களில் யானைக்கால் நோயைத் தடுக்க அரசாங்கம் வீடு வீடாக வழங்கிய டி.இ.சி. மாத்திரையும் 1947-இல் அவர் குழு தந்ததே. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின், அவர் பொறுப்பில் இருந்த கூடத்தில் பெஞ்சமின் டக்கர் என்னும் முதியவரால் கண்டுபிடிக்கப்பட்டு, 1948-இல் வெளிவந்தது.

இவற்றைப் படிக்கையில் என் நெஞ்சைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. வெப்பநாட்டு ஸ்புரூவுக்கு இன்று மருத்துவர்கள் தருவது இரண்டு: ஃபோலிக் அமிலம், டெட்ராசைக்ளின். அவர் உடன்பிறந்தார் இருவரையும் கொன்ற நோய்க்கு, அவர் கூடத்திலிருந்தே இரு மருந்துகளுக்கும் வழி பிறந்தது. அவர்களுக்கு அது கால் நூற்றாண்டு பிந்தி வந்தது.

அடுத்த மாதம் தேர்வு முடிவுகள் வெளிவரும். வீட்டை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து படிக்கும் நம் சங்க நண்பர்களில் சிலர் அந்தப் பட்டியலில் தம் எண்ணைக் காணாமற் போகலாம். ஊருக்கு என்ன எழுதுவது என்று தயங்கி விடுதி அறையில் அமர்ந்திருக்கலாம். மெட்ரிகுலேஷனில் மூன்றாம் முறை தேறியவரின் இவ்வரலாற்றை, முக்கியமாக அவர்களை எண்ணியே எழுதினேன்.