பத்து சென்ட்டில் தொடங்கிய பணப்பெட்டி



இந்த வாரம் நாம் சொல்ல எடுத்துக்கொண்டது ஓர் அர்ச்சியசிஷ்டருடைய சரித்திரமன்று. குருவுமல்லாமல், துறவியுமல்லாமல், மனைவி மக்களோடு குடித்தனம் நடத்திய ஒரு கத்தோலிக்கருடைய சரித்திரம். அல்போன்ஸ் தெஜார்தேன் என்பது அவர் பெயர். நம்மில் அநேகருக்கு அது புதிதாயிருக்கலாம். கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்திலோ அதை அறியாத குடும்பம் இல்லை.

1854-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி, செயிண்ட் லாரன்ஸ் நதிக்கரையில், கியூபெக் பட்டணத்துக்கு எதிரேயுள்ள லேவி என்னும் ஊரில் அவர் பிறந்தார். பதினைந்து பிள்ளைகளில் எட்டாவது பிள்ளை. தகப்பனாருக்கு நிலையான வேலை கிடையாது. தாயார் அக்கம் பக்கத்து வீடுகளில் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்த வீட்டில் பணம் எப்படி வரும், எப்படிப் போகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

லேவி கல்லூரியில் படித்தபின் அல்போன்ஸ் பத்திரிகைத் தொழிலில் புகுந்தார். 1879-ல் தொரிமேன் என்னும் பெண்ணை மணந்தார். அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள். அதே ஆண்டு முதல் மாகாண சட்டசபையின் விவாதங்களை அச்சிட்டு வெளியிடும் வேலையை மேற்கொண்டார். அதற்கு மாகாண சர்க்கார் மானியம் கொடுத்து வந்தது. பத்து ஆண்டுகள் வேலை ஒழுங்காய் நடந்தது. பின்பு மந்திரிசபை மானியத்தை நிறுத்திவிட்டது, வேலையும் நின்றது. சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கிப் பார்த்தார். அது சில மாதங்களே நடந்தது. மேலிடத்து மானியத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவன் நிலை என்ன என்பதை இந்த மனிதர் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

1892-ல் ஒட்டாவா நகரத்தில் கனடா பாராளுமன்றத்தில் பிரெஞ்சுப் பேச்சுக்களைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. ஆம், மறுபடியும் சர்க்கார் சம்பளந்தான்! அதை மறைத்துச் சொல்ல நமக்கு மனதில்லை. அந்தச் சம்பளத்தைக் கொண்டுதான் அவர் பின்னால் செய்ததையெல்லாம் செய்தார்.

1897-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். கடன் வட்டிக்கு வரம்பு வைக்க வேண்டுமென்று ஓர் அங்கத்தினர் சபையில் பேசினார். மாண்ட்ரீல் நகரத்தில் 150 டாலர் கடன் வாங்கிய ஒருவன், வட்டிக்காக மாத்திரம் 5,000 டாலர் கட்ட வேண்டுமென்று தீர்ப்பாகியிருப்பதை எடுத்துக் காட்டினார். தெஜார்தேன் தம் மேசையிலிருந்தபடி அதை எழுதிக்கொண்டிருந்தார். கை எழுதியது, மனம் அதை விட்டு நகரவில்லை.

வட்டிக்காரனைச் சட்டம் தடுக்கலாம். நல்லதுதான். ஆனால் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது, அன்றிரவே மருந்துக்குப் பணம் யார் கொடுப்பது? அக்காலத்து பாங்குகள் கூலிக்காரனுக்கும் குடியானவனுக்கும் கதவு திறப்பதில்லை. பிழைப்புத் தேடி லட்சக்கணக்கான பிரெஞ்சுக் கனடியர் எல்லை தாண்டி அமெரிக்காவின் பஞ்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

தெஜார்தேன் பாராளுமன்ற நூல்நிலையத்தில் தேட ஆரம்பித்தார். ஐரோப்பாவின் மக்கள் பாங்குகளைப் பற்றி ஹென்றி உல்ஃப் என்பவர் எழுதிய நூல் கையில் கிடைத்தது. உடனே அவருக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஏழைகள் ஒன்றுகூடித் தங்கள் காசைத் தாங்களே சேர்த்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் முறைகளை ஒவ்வொன்றாய் விசாரித்து அறிந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இதிலேயே சென்றன.

1900-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி லேவி ஊரார் நூற்றுக்கு மேற்பட்டோர் கூடிச் சங்கத்தில் கையெழுத்திட்டார்கள். லேவி கல்லூரிக் குருக்கள் அவருக்குத் துணை நின்றார்கள். சங்கத்துக்கு இட்ட பெயரை நம் பாஷையில் ஜனங்களின் பணப்பெட்டி என்று சொல்லலாம். பங்குத்தொகை 5 டாலர். அதை மொத்தமாய்க் கட்ட முடியாதவர் வாரம் 10 சென்ட் வீதம் கட்டலாம். அங்கத்தினருக்கு மாத்திரமே கடன். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வோட்டு. கடன் கேட்கிறவனுடைய சொத்தைவிட அவனுடைய நாணயத்தையும், எதற்காகக் கேட்கிறான் என்பதையுமே பார்ப்பார்கள். இவன் உழைப்பாளியா, குடிகாரனா என்பது ஊராருக்குத் தெரியாதா? சங்கத்தின் எல்லையைக் கோவில் பங்கின் எல்லையோடு நிறுத்தியது இதற்காகத்தான்.

1901 ஜனவரி 23-ந் தேதி முதல் வசூல். முதலில் வந்து விழுந்தது 10 சென்ட். அன்று முழுவதும் சேர்ந்தது 26 டாலர் 40 சென்ட். சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இனி நாம் சொல்வதைக் குடும்பத் தாய்மார்கள் விசேஷமாய்க் கவனிக்க வேண்டும். பாராளுமன்றம் கூடும் மாதங்களெல்லாம் தெஜார்தேன் ஒட்டாவாவில் இருக்க வேண்டியவர். அப்போது பணப்பெட்டியைப் பார்த்தது யார்? தொரிமேன் அம்மாள்தான். பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டு, வீடு தேடி வருகிறவர்களிடம் பணம் வாங்கி, கணக்கு எழுதி, பல ஆண்டுகள் அவ்வேலையைத் தாங்கினார். சம்பளம் கிடையாது. பயமோ நிறைய உண்டு. ஏனெனில் அக்காலத்தில் இப்படிப்பட்ட சங்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஏதாவது நஷ்டம் வந்தால் ஊரார் பணத்துக்கு அந்தக் குடும்பமே உத்தரவாதம். வீடு வாசல் எல்லாம் போய்விடும். பெட்டியில் பணம் பெருகப் பெருக, அந்த அம்மாளுக்குக் கவலையும் பெருகிற்று. நம் வீட்டில் அயலாருடைய நகையை ஒரே இரவு வைத்திருந்தால் நமக்குத் தூக்கம் வருமா? அவர் ஐந்து ஆண்டுகள் வைத்திருந்தார்.

ஆகவே தெஜார்தேன் சர்க்காரை அண்டத்தான் செய்தார். ஆனால் அவர் கேட்டது பணமன்று, சட்டம். சங்கம் சட்டப்படி நிற்க உரிமை வேண்டும். பெட்டிக்குள் போடும் காசை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்பதே அவர் கட்சி. 1906-ம் ஆண்டு மார்ச் மாதம் கியூபெக் மாகாண சட்டசபை அந்தச் சட்டத்தை ஒருமனதாய் நிறைவேற்றியது. தொரிமேன் அம்மாள் அன்று எப்படி மூச்சு விட்டிருப்பார்! கனடா முழுமைக்கும் அப்படியொரு சட்டம் வேண்டுமென்று அவர் செய்த முயற்சியோ பலிக்கவில்லை. 1908-ல் கீழ்ச்சபை ஏற்றுக்கொண்ட மசோதா, செனட் சபையில் ஒரே ஒரு வோட்டில் தோற்றது.

அதற்காக அவர் உட்கார்ந்துவிடவில்லை. சபை கூடாத காலங்களில் பங்கு பங்காய்ப் போய், ஜனங்களைக் கூட்டி, விதிகளை விளக்கி, கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்துத் திரும்பினார். அமெரிக்காவில் மான்செஸ்டர் நகரத்துத் தேவமாதா பங்கின் குருவானவர் அழைக்க, 1908-ல் அங்கும் போய் ஒரு சங்கம் ஸ்தாபித்தார். அந்நாட்டில் இவ்வகைச் சங்கங்களுக்குள் அதுவே முதலாவது. இப்படி 150-க்கும் மேற்பட்ட சங்கங்கள் அவர் கையால் உண்டாயின. 1913-ல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அவருக்கு அர்ச். கிரகோரியார் பெயரால் வழங்கும் விருதை அளித்தார்.

கடைசி ஆண்டுகளில் கடின வியாதி அவரை வீட்டோடு கட்டிவிட்டது. 1917-ல் உத்தியோகத்தை விட்டார். அப்போதும் ஒரு கவலை அவரை விடவில்லை. சங்கங்கள் பெருகிவிட்டன, கணக்கைச் சரிபார்ப்பது யார்? சர்க்கார் அதிகாரிகள் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட அவருக்கு மனமில்லை. சங்கங்களெல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தி, தங்கள் கணக்கைத் தாங்களே சோதிக்க வேண்டுமென்று படுக்கையிலிருந்தே திட்டம் வகுத்தார். அது நிறைவேறுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1920-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி லேவியில் மரித்தார்.

தொரிமேன் அம்மாள் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஜீவித்து, 1932-ல் கணவரைப் பின்தொடர்ந்தார். அதுவரையில், பணப்பெட்டிகளின் காரியம் எதுவானாலும் அவரிடமும் வந்து யோசனை கேட்பார்களாம். அவர்கள் குடியிருந்த வீட்டை இன்றும் லேவியில் காட்சிசாலையாக வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.