செயற்கை மூட்டின் தந்தை சர் ஜான் சார்ன்லி

மூட்டு தேஞ்சு போச்சு என்று நம்ம ஊர் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு டாக்டர்கள் செயற்கை மூட்டு வைக்கிறார்கள். ஆனால் அதிலுள்ள பிளாஸ்டிக்கும் தேயுமே, அப்போ என்ன செய்வது? இதற்காகப் பல வருடம் பாடுபட்டவர்தான் சார்ன்லி.

இளமை:
இவர் 29.8.1911 அன்று இங்கிலாந்தில் பெரி என்ற ஊரில் பிறந்தார். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். அம்மா நர்ஸ் பயிற்சி பெற்றவர். சார்ன்லி மான்செஸ்டரில் டாக்டருக்குப் படித்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராக எகிப்தில் வேலை பார்த்தார். போருக்குப் பிறகு எலும்பு ஒட்டுவதைப் பற்றி அறிய, தன் கால் எலும்பிலேயே ஆபரேஷன் செய்துகொண்டார். அதில் சீழ் பிடித்து ரொம்பக் கஷ்டப்பட்டார்.

கீச் கீச் மூட்டு:
ஒரு நோயாளிக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் இடுப்பு மூட்டு, அசைந்தாலே கீச் கீச் என்று கத்தியது. வீட்டில் மனைவிக்கே அந்தச் சத்தம் தாங்க முடியலையாம். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். சார்ன்லி சிரிக்கவில்லை. சத்தம் வந்தால் உராய்வு அதிகம், உராய்வு அதிகமானால் மூட்டு ஆடிப்போகும் என்று யோசித்தார்.

பெரிய தோல்வி:
அதனால் சின்ன உலோகக் குண்டும், அது சுழல ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் செய்தார். கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். தோசை ஒட்டாமல் இருக்கத் தவாவில் பூசுகிறார்களே, அதேதான். 1958 முதல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் சுமார் 300 பேருக்கு வைத்தார். வலி போய் எல்லோரும் நடந்தார்கள். ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் வலி திரும்பி வந்தது. குண்டு கிண்ணத்தைக் குடைந்துவிட்டது. தேய்ந்த தூள் சதைக்குள் போய்க் கட்டியானது. சார்ன்லி ஓடி ஒளியவில்லை. அவர்களுக்குத் தானே மறுபடியும் ஆபரேஷன் செய்தார்.

பல்சக்கரம் தந்த விடை:
மே 1962-ல் நெசவு ஆலைகளுக்குப் பல்சக்கரம் விற்கிற ஒருவர், அது செய்யும் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். பை செய்கிற பாலிதீன் குடும்பம்தான். ஆனால் இதில் மூலக்கூறு சங்கிலி மிக மிக நீளம். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்து, இது உதவாது என்று போய்விட்டார். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன் விடவில்லை. தேய்மான மெஷினில் மாட்டி இரவு பகலாக ஓட்டினார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை! நம்ம ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமை நல்லாத் தெரியும்.

அப்பவும் சார்ன்லி அவசரப்படவில்லை. இரண்டு பிளாஸ்டிக்கையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். டெஃப்லான் வைத்த இடம் கட்டியானது. புதியது ஒன்றும் செய்யவில்லை. நவம்பர் 1962 முதல் அதை நோயாளிகளுக்கு வைத்தார். தாங்கள் இறந்த பிறகு அந்த மூட்டை எடுத்து ஆராயலாம் என்று அவர்களிடம் சம்மதமும் வாங்கினார்.

முழங்காலுக்கும் வந்தது:
1968-ல் அதே மருத்துவமனையில் ஃபிராங்க் கன்ஸ்டன் என்ற கனடா டாக்டர், உலோகமும் பாலிதீனும் சேர்த்து முழங்கால் மூட்டு செய்தார். இன்றும் பெரும்பாலான செயற்கை முழங்காலில் இரண்டு உலோகத்துக்கு நடுவே பாலிதீன் துண்டுதான் இருக்கிறது. முழங்கால் உருளவும் செய்யும், வழுக்கவும் செய்யும். அதனால் பாலிதீனும் மெல்லத் தேயும். அந்தத் தூளை எதிர்த்து உடம்பு போராடும்போது பக்கத்து எலும்பும் கரைந்து மூட்டு தளர்ந்துவிடும். அதனால் இப்போது கதிர்வீச்சால் சங்கிலிகளைப் பிணைத்து உறுதியாக்குகிறார்கள். நம் நாட்டில் 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. விலை நிறையக் குறைந்தது.

1974-ல் லாஸ்கர் விருதும் 1977-ல் சர் பட்டமும் பெற்ற சார்ன்லி, 5.8.1982 அன்று காலமானார்.

தேய்ந்து போனதை அவர் மறைத்திருந்தால் நல்ல மூட்டு கிடைத்திருக்காது. கிரேவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது. ஆகவே தோழிகளே, தோழர்களே, பெரியவங்க வேண்டாம்னு சொன்னாலும் சோதித்துப் பார்ப்போம். சின்னவங்க காட்டினாலும் ஏற்றுக்கொள்வோம்!