ரித்விக் கட்டக்கின் காட்சிமொழியில் பிரிவினைத் துயர்

முன்னுரை

வங்கத் திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக் (1925–1976) தேசப் பிரிவினையின் துயரைத் தம் படைப்புகளின் மையமாகக் கொண்டவர். பிரிவினைக் கலவரங்களை நேரடியாகக் காட்டுவதைவிட, இழப்பைச் சட்டக அமைப்பாலும் ஒலியாலும் உணர்த்துவதே அவர்தம் முறை. அவருடைய வாழ்வை அக்காட்சிமொழியோடு இணைத்து நோக்குகிறது இக்கட்டுரை.

வாழ்வும் இழப்பும்

டாக்காவில் பிறந்த கட்டக், கிழக்கு வங்கத்தின் பத்மா நதிச் சூழலில் வளர்ந்தார். 1947இல் அந்நிலம் அயல்நாடாயிற்று. கல்கத்தாவில் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் இயங்கிய அனுபவத்தோடு திரைத்துறைக்கு வந்தார். 1952இல் நிறைவுற்ற முதற்படமான 'நாகரிக்', அவர் மறைந்தபின் 1977இல்தான் வெளிவந்தது.

காட்சிமொழி

'மேகே தாக்க தாரா'வில் (1960) ஏதிலிக் குடும்பத்தைத் தன் உழைப்பால் தாங்கும் நீதா, தான் விரும்பியவனைத் தங்கையிடம் இழந்ததை அறிந்து படியிறங்குகிறாள். தாழ்கோணத்தில் அவள் முகம் காட்டப்பட, சாட்டையடி ஒலிக்கிறது. கதைச்சூழலில் சாட்டை ஏதும் இல்லை. அவள் வாய்விட்டுச் சொல்லாத வலிக்கு அவ்வொலியே வடிவமாகிறது.

'கோமல் காந்தா'ரில் (1961) காதலர் இருவர் பத்மாக் கரையில் நின்று, எதிர்க்கரையிலுள்ள தம் பிறந்த மண்ணை நோக்குகின்றனர். பின்னர்க் கேமரா தண்டவாளத்தின்மீது விரைந்து, பாதையின் முடிவிலுள்ள தடுப்பை மோத, திரை இருள்கிறது. ஒரு காலத்தில் இரு கரைகளை இணைத்த வழி, இப்போது பிரிவின் சின்னமாகிறது. வரைபடத்தில் கோடாகத் தெரியும் எல்லையைக் கட்டக் இங்கு உடலால் உணரும் அதிர்ச்சியாக மாற்றுகிறார்.

'சுபர்ணரேகா'வில் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் திரியும் சிறுமி சீதாவின் எதிரே காளி வேடமிட்டவர் தோன்றுகிறார். போரின் எச்சமும் தொன்மத்தின் அச்சமும் ஒன்றிணைந்து, அவளுடைய வருங்காலத் துயரை முன்னுணர்த்துகின்றன.

இவற்றை மிகையுணர்ச்சி எனக் குறைகூறியோர் உளர். ஆயினும் இம்மிகை கட்டுப்பாடின்மையால் விளைந்ததன்று. இயல்பு வாழ்வே சிதைந்தவர்களின் துயரை இயல்புநெறி முழுமையாகத் தாங்காது என்னும் தெளிவிலிருந்து பிறந்ததாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

முடிவுரை

1960களின் நடுப்பகுதியில் புணே திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் கட்டக் கற்பித்தார். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் அவர்தம் மாணவர்கள். ஜான் ஆபிரகாம் பின்னர்த் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' (1977) படத்தை இயக்கினார். வணிகத் தோல்வியும் குடிப்பழக்கமும் வாட்டிய வாழ்வில் கட்டக் நிறைவுசெய்த முழுநீளக் கதைப்படங்கள் எட்டே. ஐம்பதாம் வயதில் அவர் மறைந்தார். காட்சிமொழி அவருக்கு அணியன்று. இழந்த நிலத்தை மீண்டும் காண எஞ்சியிருந்த வழி.