அறிஞர் பிரான்சிஸ் கிரிக்

இங்கிலாந்து நாட்டில் நார்தாம்டன் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில், 1916ஆம் ஆண்டு சூன் திங்கள் 8ஆம் நாள் பிரான்சிஸ் கிரிக் பிறந்தார். அவர்தம் குடும்பத்தார் காலணித் தொழிற்சாலை நடத்தி வந்தனர். பெற்றோர் வாங்கித் தந்த சிறுவர் கலைக்களஞ்சியத்தைப் படித்த கிரிக்குக்கு ஒரு கவலை தோன்றியது. தாம் வளர்ந்து ஆளாவதற்குள் உலகத்து உண்மைகளையெல்லாம் பிறர் கண்டுபிடித்துவிடுவரோ என்று அஞ்சினார். கண்டறிய வேண்டுவன இன்னும் மிகுதியாக உள்ளன என்று அன்னையார் தேற்றினார்.

இலண்டனில் இயற்பியல் கற்று 1937இல் பட்டம் பெற்றார். நீரின் பாகுநிலையைப் பற்றிய ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது, போர்க்காலக் குண்டு ஒன்று அவருடைய கருவியை அழித்தது. கிரிக் அதற்காகப் பெரிதும் வருந்தியதாகத் தெரியவில்லை. போர் முடிந்தபின், முப்பது வயதைக் கடந்தவர், உயிரியலை அடிமுதல் கற்கத் தொடங்கினார். 1953இல் வாட்சனோடு சேர்ந்து டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைக் கண்டறிந்ததும், அதற்கு ரோசலிண்டு பிராங்கிளின் ஆய்வில் எடுக்கப்பட்ட ஊடுகதிர்ப் படம் துணை நின்றதும், 1962இல் நோபல் பரிசு வந்ததும் பலரும் அறிந்தவை. அவர் 1961இல் செய்த ஆய்வோ அத்துணைப் பேசப்படுவதில்லை.

டி.என்.ஏ.வில் உள்ள எழுத்துகள் நான்கே. உடலில் புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்களோ இருபது. எத்தனை எழுத்துச் சேர்ந்து ஒரு சொல்லாகும்? மூன்று என்று பலர் கருதினர், மெய்ப்பித்தவர் எவருமிலர்.

மரம், பழம், குளம், நிலம் என்னும் மூவெழுத்துச் சொற்களை இடைவெளியின்றி எழுதி, மும்மூன்றாகப் படிப்பதாகக் கொள்வோம். மரம் என்பதன்பின் ‘க’ என்னும் எழுத்துப் புகுந்தால், ‘மரம், கபழ, ம்குள, ம்நில’ என்று பின்வருவன யாவும் கெடும். மெய்யெழுத்து மொழிக்கு முதலாகும் அலங்கோலமும் நேரும். இனி, குளம் என்பதன் ‘ள’வையும் நீக்குக. ‘மரம், கபழ, ம்கும், நிலம்’ என்றாகும். இடையில் இரு சொற்கள் கெட்டனவேனும் நிலம் மீண்டது. முதற்பிழை நீங்கவில்லை, இரண்டாம் பிழை அதனை ஈடுசெய்தது.

இத்தகைய பிழைகளையே கிரிக், கேம்பிரிட்சு நகரில், பாக்டீரியாவை அழிக்கும் ஒருவகை வைரசில் உண்டாக்கினார். புரோபிளேவின் என்னும் சாயப்பொருள் வைரசின் மரபணுவில் ஓரெழுத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். அவ்வாறு பழுதுற்ற வைரஸ் ஒருவகைப் பாக்டீரியாவில் வளராது. ஆயினும் அரிதாகச் சில மீண்டும் வளர்ந்தன. அவற்றுள் இரண்டாவது பிழை ஒன்று அருகிலேயே இருந்தது. பிரென்னர், லெஸ்லி பார்னெட் அம்மையார், வாட்ஸ்-டோபின் ஆகியோர் உடனுழைத்தனர். எண்ணத்தாலேயே ஆராய்பவர் என்று பெயர்பெற்ற கிரிக், இம்முறை தம் கையாலேயே சோதனை செய்தார்.

எஞ்சியது ஒன்றே. ஒரே வகைப் பிழை இரண்டு கூடினால் வைரஸ் வளரவில்லை. மூன்று கூடினால்? மூன்றெழுத்தே ஒரு சொல்லாயின், மூன்று பிழைகள் சேர்ந்து படிப்பை நேராக்கும்; வைரஸ் வளர்ந்து, பாக்டீரியாப் படலத்தில் தெளிந்த புள்ளிகள் தோன்றும். ஓரிரவு கிரிக்கும் பார்னெட் அம்மையாரும் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று தட்டை எடுத்துப் பார்த்தனர். புள்ளிகள் இருந்தன. அவ்வுண்மையை உலகில் அறிந்தவர் அவ்வேளையில் தாம் இருவரே என்று கிரிக் அம்மையாரிடம் கூறினார்.

அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் நிரன்பர்க்கும் மத்தேயும் முதற்சொல்லின் பொருளைக் கண்டனர். 1966க்குள் 64 சொற்களும் தெளிவாயின.

கிரிக் பின்னர்க் கலிபோர்னியா சென்று மூளையை ஆராய்ந்தார். 2004 சூலை 28ஆம் நாள், 88ஆம் வயதில் மறைந்தார். இறுதி நாள்களிலும் ஆய்வுக் கட்டுரை ஒன்றின் படியைத் திருத்திக்கொண்டிருந்தார்.